“ஏனம்மணி, இந்த டியூப்ப எப்பக் கழட்டுவாங்க?”

இந்த எபிசோடை ஸ்டுடியோவில பதிவு பண்ணல. சேவூர்ல எங்க அப்பச்சி வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசிக்கிட்டு இருக்கேன். நடுவுல மயில் கத்தும், புளியம்பட்டி பஸ் ஹாரன் அடிக்கும், பொறுத்துக்கோங்க. சேவூர் தெரியாதவங்களுக்கு: அவிநாசியில இருந்து வடக்க, புளியம்பட்டி ரோட்டுல இருக்கு. வாலீஸ்வரர் கோயில், நிலக்கடலை ஏலம், விடிஞ்சா ஆளுகளை ஏத்திக்கிட்டுத் திருப்பூர் போற பனியன் கம்பெனி வேனுங்க. ஊரு அவ்வளவுதான்.

இன்னைக்குப் பேசப்போறது கிருமிகளைப் பத்தி. எல்லாக் கிருமியும் இல்ல. நம்ம தோல்மேல, குடலுக்குள்ள, குழாய்த் தண்ணியில, வருஷக்கணக்கா நம்மகூடவே சும்மா இருந்துட்டு, இடம் கிடைச்சா மட்டும் வேலையைக் காட்டுற கிருமிகள். இதுகளுக்குச் சந்தர்ப்பவாதக் கிருமிகள்னு பேரு. அந்தச் சந்தர்ப்பம்ங்கறது பெரும்பாலும் என்ன தெரியுமா? ஒட்டிக்கிறதுக்கு ஒரு இடம்.

நான் படிச்சது நுண்ணுயிரியல். வேலை பாக்குறது திருப்பூர் பக்கம் ஒரு சாயத் தண்ணி சுத்திகரிப்பு நிலையத்தோட லேப்ல. நொய்யல் பாழானதுக்கு அப்புறம், 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு சொட்டுக் கழிவு நீர்கூட வெளிய போகக் கூடாதுங்கறது விதி. அதனால சாயத் தண்ணியை ஆர்.ஓ. மெம்பிரேன்ல அழுத்தித் தள்ளித் திரும்ப எடுக்குறோம். அந்த மெம்பிரேன்தான் எங்க உசுரு. அதுக்கு முதல் எதிரி சாயம் இல்ல, உப்பும் இல்ல. பாக்டீரியா கட்டுற பிசின்.

உள்ள போற அழுத்தத்துக்கும் வெளிய வர்ற அழுத்தத்துக்கும் வித்தியாசம் கூட ஆரம்பிச்சா எங்களுக்குப் புரிஞ்சிரும், உள்ள ஏதோ குடியேறிருச்சுன்னு. கார மருந்து விட்டுக் கழுவுவோம், அப்புறம் அமிலம் விட்டுக் கழுவுவோம். வீணாப்போன மெம்பிரேனை அறுத்துப் பிரிச்சா, விரல்ல வழவழன்னு பழுப்பா ஒரு பூச்சு வரும். பக்கத்துல வச்சு மோந்தா ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது. இதை அஞ்சு வருஷமா பாக்குறேன். ஆனா எங்க வீட்டுக்குள்ளயே, எங்க அப்பச்சி உடம்புக்குள்ளயே அதே சமாச்சாரம் நடந்தப்போ எனக்கு உரைக்கவே இல்ல. அதான் இந்த எபிசோடு.

அப்பச்சிக்கு 78 வயசு. மூணு ஏக்கர்ல நிலக்கடலை போடுறவர். ஒரு மார்கழி ராத்திரி சுத்தமா ஒண்ணுக்குப் போக முடியல. அடிவயிறு கல்லு மாதிரி ஆகி, மனுஷன் சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நின்னார். புரோஸ்டேட் வீக்கம். ஆஸ்பத்திரியில யூரின் டியூப் போட்டாங்க, ஒரே நிமிஷத்துல நிம்மதி. அந்த நேரத்துல அது தேவையான சிகிச்சைதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. மாத்திரை குடுத்து, ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னு சொல்லி அனுப்பினாங்க.

நாங்க போகல. அம்மா தையல்ல இருக்காங்க, கம்பெனியில ஷிப்மென்ட் நேரம், லீவு இல்ல. எனக்கு ஷிப்ட். அப்பச்சிக்கு வலி இல்ல, பை நிறைஞ்சா ஊத்துறோம், அடுத்த வாரம் பாத்துக்கலாம், அதுக்கு அடுத்த வாரம் பாத்துக்கலாம். அவர் மட்டும் நான் வீட்டுக்குள்ள வந்ததும் கேப்பார்: “ஏனம்மணி, இந்த டியூப்ப எப்பக் கழட்டுவாங்க?” நானும், “ஆகட்டும் அப்பச்சி, டாக்டரு சொல்லுவாருங்க”ன்னு சொல்லிட்டுப் போயிருவேன்.

இப்ப அந்தக் குழாய்க்குள்ள என்ன நடந்துச்சுன்னு பாப்போம். அதுக்கு முன்னாடி ஒரு நூல் கதை. திருப்பூர்க்காரி நூலைப் பத்திப் பேசாம இருக்க முடியுமா?

1957ல எலெக், கோனன்னு ரெண்டு பேர் இங்கிலாந்துல ஒரு பரிசோதனை பண்ணாங்க. தோல்ல சீழ் பிடிக்க வைக்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை எடுத்து, சம்மதிச்சு வந்தவங்களோட தோலுக்குள்ள ஊசியில செலுத்தினாங்க. எத்தனை பாக்டீரியா போனா சீழ் வைக்கும்? பத்து லட்சக்கணக்குல தேவைப்பட்டுச்சு. அதுக்குக் கீழ இருந்தா உடம்பே சமாளிச்சிருது. அப்புறம், அதே பாக்டீரியாவைப் பட்டு நூல்ல தோய்ச்சு, அந்த நூலால தோல்ல ஒரு தையல் போட்டாங்க. இப்ப சீழ் வைக்கச் சில நூறு பாக்டீரியாவே போதுமா இருந்துச்சு. கிட்டத்தட்ட 10,000 மடங்கு குறைவு. ஒரே ஒரு நூல். பாக்டீரியா மாறல, ஆளும் மாறல. நடுவுல உயிரில்லாத ஒரு பொருள் வந்துச்சு, அவ்வளவுதான். இந்த ஆய்வைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. நான் யோசிச்சது அப்பச்சியோட டியூப்பை: நூல் இல்ல, முழுசா ஒரு குழாய், அதுவும் வாரக்கணக்கா.

ஏன் அப்படி? ரத்த வெள்ளணுவும் உடம்போட மத்த காவல்களும், மிதக்குற பாக்டீரியாவைப் பிடிச்சுத் தின்னுறதுல கெட்டிக்காரங்க. ஆனா ரத்த ஓட்டமே இல்லாத ஒரு பிளாஸ்டிக்மேல போய் ஒட்டிக்கிட்டதைச் சுரண்டி எடுக்க அதுகளால முடியறதில்ல.

சரி, பாக்டீரியா எப்படி ஒட்டுது? பிளாஸ்டிக்ல நேரா போய் ஒட்டுதுன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அப்படியும் கொஞ்சம் நடக்கும். ஆனா முக்கியமான வேலையை நம்ம உடம்பே பண்ணிக் குடுக்குது. டியூப் உள்ள போனதும், மூத்திரப்பையோட சுவர் உரசுது, எரிச்சலாகுது. உடம்பு அங்க ஃபைப்ரினோஜெனை அனுப்புது. காயத்துல ரத்தம் உறையறதுக்கு வலை பின்னுதே, அந்தப் புரதம். அது டியூப்மேல படியுது. என்டரோகாக்கஸ்னு குடல்ல வாழுற ஒரு பாக்டீரியாவுக்கு உடம்பெல்லாம் மயிரிழை மாதிரி நீட்டல்கள் உண்டு. அந்த நீட்டலோட நுனியில இருக்கற புரதம் ஃபைப்ரினோஜெனைத்தான் தேடிப் பிடிக்குது. 2014ல அமெரிக்காவோட செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் எலிகள்ல இதைக் காட்டினாங்க. அதாவது, காயத்தை ஆத்த உடம்பு அடிச்ச ஆணியில வந்து அது சட்டையை மாட்டுது.

உயிருள்ள செல்லுல ஒட்டுறது இன்னொரு விதம். யூரின் இன்ஃபெக்‌ஷன்ல ரொம்பச் சாதாரணமாப் பாக்குறது ஈ. கோலை. மூத்திரப்பையோட உள்சுவர் செல்கள்ல மானோஸ்ங்கற சர்க்கரை தொங்கிக்கிட்டு இருக்கும். ஈ. கோலையோட நீட்டல் நுனியில ஃபிம்எச்னு ஒரு கொக்கி, அதுக்கு மானோஸ்தான் பிடிமானம். இதுல ஒரு விசேஷம் இருக்கு. நிறைய தண்ணி குடிச்சா கிருமி அடிச்சுக்கிட்டுப் போயிரும்னு நாம சொல்றோம், அது ஓரளவு உண்மையும்கூட. ஆனா இந்தக் கொக்கி, ஓட்டம் வேகமாகி இழுக்க இழுக்க இன்னும் இறுக்கிப் பிடிக்குது. 2002ல சியாட்டில் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடிச்சாங்க. மெதுவான ஓட்டத்துல உருண்டு நகர்ற பாக்டீரியா, வேகமான ஓட்டத்துல அப்படியே நின்னுருது. கண்ணுக்குட்டிக்கு உருவாஞ்சுருக்கு போட்டிருந்தா அது இழுக்குறப்பதானே இறுகும், அந்த மாதிரி. ஓட்டம் நின்னா நகர்ந்து அடுத்த இடத்துக்குப் போகும். சில நேரம் செல்லுக்குள்ளயே புகுந்து பெருகும். சில பெண்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் மாத்திரை சாப்பிட்டதும் சரியாகி, ஒரு மாசத்துல திரும்ப வர்றதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. கேக்குற தோழிகளுக்கு இது புரியும்.

தோல்ல வாழுற ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸையும் சொல்லணும். இப்ப உங்க கை மேலயே இருக்கு, பரமசாது. செயற்கை மூட்டு, இதய வால்வு, ரத்தக் குழாய்க்குள்ள போடுற லைன், இதுகள்ல பிடிச்சுதுன்னா போச்சு. அதோட ஒரு புரதம் ஃபைப்ரினோஜெனை எவ்வளவு பலமா பிடிக்குதுன்னு 2018ல மியூனிக்ல அளந்து பாத்தாங்க. ஒரு மூலக்கூறுக்குள்ள அணுக்களைக் கட்டிவைக்கிற வேதிப் பிணைப்புக்குக் கிட்டத்தட்ட சமமான பலம். முழங்கால் மூட்டு மாத்தினவங்களுக்குச் சீழ் வச்சா, வெறும் மருந்துல தீராம பல நேரம் மூட்டையே எடுத்து மாத்த வேண்டி வர்றது இதனாலதான்.

ஒட்டினதுக்கு அப்புறம்தான் விஷயமே. ஒட்டின பாக்டீரியா வேற ஆளா மாறுது. நீந்துற வாலுக்கு வேலை நின்னுருது, பிசின் சுரக்க ஆரம்பிக்குது. சர்க்கரை, புரதம், செத்த பாக்டீரியாவோட டி.என்.ஏ., எல்லாம் கலந்த கஞ்சி. அதுக்குள்ள காலனி. பயோஃபிலிம்னு சொல்லுவாங்க. உள்ள இருக்கறதுக்குச் சாப்பாடும் ஆக்ஸிஜனும் கம்மி, அதனால வளர்ச்சி ரொம்ப மெதுவு. நம்ம ஆன்டிபயாடிக்ல பெரும்பாலானது, வேகமா வளர்ற பாக்டீரியாவைக் கொல்றதுக்குன்னே செஞ்சது. தூங்குறவனை அது என்ன பண்ணும்? மிதக்குற பாக்டீரியாவைக் கொல்ற அளவைப்போல நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மருந்துகூடச் சில நேரம் தேவைப்படுது. அவ்வளவை மனுஷனுக்குக் குடுக்க முடியாது.

இதை முதல்ல கவனிச்சவர் ஒரு ஜவுளி வியாபாரிங்கறது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். டச்சுக்காரர் லீவன்ஹூக். துணியோட நெய்த்தியைப் பாக்க லென்ஸ் பயன்படுத்துற தொழில்ல இருந்தவர். தன் பல்லுல இருந்த காரையைச் சுரண்டி எடுத்துப் பாத்துட்டு, வினிகர் போட்டா வெளிப்பக்கம் இருக்கற பூச்சிகள்தான் சாகுது, உள்ள இருக்கறது சாகலன்னு 1680கள்லயே எழுதிட்டார்.

அப்பச்சி கதைக்கு வர்றேன். மூணாவது வாரம் காய்ச்சல். பக்கத்து கிளினிக்ல யூரின் டெஸ்ட், ஈ. கோலை, இந்த மருந்து கேக்கும்னு ரிப்போர்ட். மாத்திரை போட்டதும் காய்ச்சல் விட்டுச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். பத்து நாள்ல திரும்பக் காய்ச்சல், இன்னும் பெரிய மாத்திரை. ரிப்போர்ட்டும் பொய் இல்ல, மாத்திரையும் போலி இல்ல. லேப்ல சோதிச்சது பையில மிதந்த பாக்டீரியாவை. செத்ததும் அதுதான். குழாய்ல குடியிருந்தது அப்படியே இருந்துச்சு. டியூப் போட்டு ரெண்டு வாரம் தாண்டினவங்களுக்கு இன்ஃபெக்‌ஷன் வந்தா, டியூப் இன்னமும் தேவையான்னு பாரு, தேவைன்னா முதல்ல புதுசு மாத்து, புது டியூப்ல இருந்து சாம்பிள் எடுன்னு மருத்துவ வழிகாட்டு நெறிகள்ல தெளிவா இருக்கு. எங்களுக்கு யாரும் சொல்லல. நாங்களும் கேக்கல. மெம்பிரேன் கழுவாம வெறும் தண்ணியை மட்டும் சோதிச்சு “எல்லாம் சரி”ன்னு நான் ரிப்போர்ட் எழுதினா என் மேனேஜர் என்ன பண்ணுவார்? வேலையை விட்டே தூக்கிருவார். அதைத்தான் வீட்டுல பண்ணிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் ஒரு ராத்திரி பை நிறையவே இல்ல. அப்பச்சிக்குக் குளிர் நடுக்கம், என்னென்னமோ உளர்றார், செத்துப்போன மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுறார். காரைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டியூட்டி நர்ஸ் டியூப்பைப் பாத்துட்டு முதல்ல கேட்டது: “இது எப்பப் போட்டதுங்க?” நான் அம்மாவைப் பாத்தேன், அம்மா என்னைப் பாத்தாங்க. டிஸ்சார்ஜ் சீட்டுல தேதி இல்ல. டியூப்லயும் இல்ல. “ஒரு மாசம்... ஒரு மாசத்துக்கு மேல இருக்குங்க சிஸ்டர்”னு சொன்னேன்.

உருவி எடுத்த டியூப்போட நுனி எனக்கு இன்னமும் கண்ணுல நிக்குது. மணல் மாதிரி, சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் காரை அடைச்சுக் கிடந்துச்சு. நான் தினமும் பாக்குற காரை. புரோட்டியஸ்னு ஒரு பாக்டீரியா, யூரியாவை உடைச்சு அம்மோனியா ஆக்கும். சிறுநீர் காரத்தன்மை ஆகும், அதுல கரைஞ்சிருக்கற மெக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் கல்லாப் படியும். பிசினுக்குள்ள கல்லு, கல்லுமேல பிசின். குழாய் அடைச்சுக்கிச்சு, மூத்திரம் பின்வாங்கி, கிருமி ரத்தத்துக்கு ஏறிருச்சு. ஆறு நாள் ஐ.சி.யூ.

அந்த ஆறு நாளும் வெளிய பெஞ்சுல உக்காந்து போன்ல படிச்சேன். டியூப் போட்ட ஒவ்வொரு நாளும், சிறுநீர்ல கிருமி சேர்றதுக்கான வாய்ப்பு 3ல இருந்து 7 சதவீதம்னு சொல்றாங்க. 30 நாள் தாண்டினா கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கும். கிருமி இருக்குங்கறதுக்காகவே மருந்து குடுக்கக் கூடாது, காய்ச்சல் மாதிரி அறிகுறி இருந்தாத்தான் சிகிச்சைங்கறதும் அப்பதான் தெரிஞ்சுது. சும்மா ரிப்போர்ட்டைப் பாத்து மாத்திரை விழுங்கினா, மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்ப்போம். வெள்ளி பூசின டியூப் இருக்கே, அதுல ஒட்டாதேன்னு எனக்கும் தோணுச்சு. பிரிட்டன்ல 7,000 பேருக்கு மேல வச்சு நடத்துன பரிசோதனை 2012ல வந்துச்சு. சாதா டியூப்பைவிடப் பெரிய லாபம் எதுவும் இல்ல. இதுவரைக்கும் உறுதியா வேலை செய்யறது ரொம்ப மலிவான காரியங்கள்தான். தேவை இல்லாம போடாத. போடறப்ப கை சுத்தம். பை எப்பவும் இடுப்புக்குக் கீழ தொங்கணும், தரையைத் தொடக் கூடாது. அப்பச்சியை வண்டியில ஏத்துறப்போ நாங்க பையைத் தூக்கி மடியில வச்சோம், அதுகூடத் தப்பு. எல்லாத்துக்கும் மேல, தினமும் ஒரு தடவை, இது இன்னைக்கும் வேணுமான்னு கேளு. கேக்கணும்னுதான் சொன்னேன், நீங்களே இழுத்துக் கழட்டிராதீங்க. உள்ள ஒரு பலூன் ஊதியிருக்கும், கிழிச்சிரும்.

டியூப்பெல்லாம் வயசானவங்க சமாச்சாரம்னு கேட்டுக்கிட்டு இருக்கறவங்க, முக்கியமா கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்க, ஒரு நிமிஷம். உங்க கண்ணுல இருக்கறதும் ஒரு மருத்துவச் சாதனம்தான். 2023 பிப்ரவரியில, நம்ம சென்னைக்குப் பக்கத்துல திருப்போரூர்ல குளோபல் ஃபார்மா ஹெல்த்கேர் ஆலையில தயாராகி அமெரிக்காவுல வித்த எஸ்ரிகேர்ங்கற கண் சொட்டு மருந்தைத் திரும்ப வாங்குனாங்க. கண்ணு வறண்டு போனவங்க போடுற செயற்கைக் கண்ணீர் அது. சூடோமோனாஸ்ங்கற பாக்டீரியா, பல மருந்துக்கு அடங்காத ரகம், அமெரிக்கா அதுக்கு முன்னாடி பாக்காத வகை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தோட கணக்குப்படி 18 மாநிலங்கள்ல 81 பேர். 14 பேருக்குப் பார்வை பாதிப்பு, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வந்துச்சு, 4 பேர் இறந்தாங்க. திறந்து பயன்படுத்தின பாட்டில்கள்ல இருந்த கிருமியும் நோயாளிகள்கிட்ட இருந்ததும் ஒண்ணுதான்னு அந்த மையம் சொல்லுச்சு. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் தாங்க எடுத்த மாதிரிகள்ல கிருமி இல்லன்னாங்க. ஆலையைச் சோதிச்ச அமெரிக்க அதிகாரிகள், கிருமி புகாம தயாரிக்குற முறையில பல குறைகளைப் பட்டியல் போட்டாங்க.

சூடோமோனாஸ் ஒண்ணும் அபூர்வம் இல்ல. சிங்க் ஓட்டையில இருக்கு, எங்க மெம்பிரேன்ல இருக்கு. ஆரோக்கியமான கருவிழிமேல அது லேசுல ஒட்டாது. கண்ணீர் கழுவிரும், இமை துடைச்சிரும், மேல்செல்கள் இடைவெளி விடாம நெருக்கமா நிக்கும். வறண்ட கண்ணு, ஒரு கீறல், ராத்திரி முழுக்கக் கழட்டாத லென்ஸ், இதுல ஒண்ணு போதும் அதுக்கு. லென்ஸோட தூங்குறது இன்ஃபெக்‌ஷன் அபாயத்தை 6 முதல் 8 மடங்கு கூட்டுதாம். குழாய்த் தண்ணியில லென்ஸ் கழுவுறவங்க, எனக்கு மெசேஜ் போடாதீங்க, நான் திட்டிருவேன்.

அப்பச்சி பொழைச்சுக்கிட்டார். கொஞ்ச நாள் புது டியூப், அப்புறம் டெலஸ்கோப் ஆபரேஷன். முடிஞ்சு வார்டுக்கு வந்தப்போ இன்னொரு டியூப் இருந்துச்சு. நர்ஸ்கிட்ட அதே கேள்வியைக் கேட்டார். அந்தப் பொண்ணு மார்க்கர் எடுத்துப் பைமேல தேதியைப் பெருசா எழுதி, “தாத்தா, வர்ற வெள்ளிக்கிழமைங்க”ன்னு சொல்லுச்சு. வெள்ளிக்கிழமை கழட்டினாங்க.

வீட்டுக்கு வந்த அன்னைக்கு, நான் ஐ.சி.யூ. வாசல்ல கணக்குப் போட்டு வச்சிருந்ததைச் சொன்னேன்: “அப்பச்சி, முதல் டியூப் 40 நாள் உள்ள இருந்திருக்குங்க.” அவர் எதுவும் பேசாம எந்திரிச்சுப் போய், கடலை மண்டியில குடுத்த மாசக் காலண்டரை ஆணியில இருந்து கழட்டிக் கொண்டுவந்து என் மடியில வச்சார். மார்கழி, தை, ஒவ்வொரு தேதிமேலயும் பென்சில்ல ஒரு சின்னக் கோடு. எண்ணிப் பாத்தேன். 47.